இரண்டாவது பிரேக் இல்லாத கார்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே உடம்பளவில் இருவரும் சுகம். மனசளவில் ஒருவர்தான் சுகம், அது உன் அக்கா. அங்கே நீயும் உன் வீட்டாரும் சகல நலமும் பெற்று இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன். வாழ்த்திய கையோடு உன்னைத் திட்டவும் போகிறேன், பொறுத்துக்கொள். இந்த மலையில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. அதனால்தான் விடுதிக்கார அம்மாவிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். தபால் வண்டி நாளை மறுநாள்தான் வருமாம்.

விஷயம் இதுதான். கடிதம் கண்டதும் பஸ் ஏறி இங்கே வந்து, உன் காரை நீயே ஓட்டி எங்களை வீடு சேர்க்கவும்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உனக்கே கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற அன்று உன் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஏரிகளைப் பார்த்துக்கொண்டே மலைக் கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால், உள்ளே பனி உறைந்து கிடக்கும் குகை ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் காலண்டரில் அந்தப் படத்தைப் பார்த்தவள், மாதம் முடிந்தும் தாளைக் கிழிக்கவிடவில்லை. "அதுக்கென்ன, ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேனா" என்று வாயை விட்டேன். உன் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

முதல் ஏரி வரை சமதரை, ராஜா மாதிரி ஓட்டினேன். அங்கே கோடு போட்ட பார்க்கிங். கோடு போட்டிருந்தால் நடுவில் நிறுத்துவதுதானே முறை? ரிவர்ஸில் போட்டேன். கொஞ்சம் கோணல். எடுத்துத் திரும்பவும் போட்டேன். அப்புறம் இறங்கிப் பார்த்து இன்னொரு தடவை. நான் திருப்தியாக நிமிர்ந்தபோது மேகம் இறங்கி ஏரியை மூடிவிட்டது. உன் அக்கா வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வண்டி நேரா நிக்குது, அது போதும்" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன் பார், என்னைச் சொல்லணும்.

அப்புறம் கணவாய் ஆரம்பிச்சுது மச்சான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒண்ணுமே இல்லை, வெறும் ஆகாசம். கொண்டை ஊசி வளைவுல திரும்பினா கீழே ஒரு ஏரி தட்டு சைஸுல கிடக்குது. நடு வளைவுலயே நிறுத்திட்டேன், கை ஸ்டீயரிங்கை விட மாட்டேங்குது. அப்பதான் எனக்கே உறைச்சுது. முப்பது வருஷமா நான் உக்காந்தது பக்கத்து சீட்டுல! ஸ்டீயரிங் கத்துக்க வந்தவன் கையில, எனக்குன்னு இருந்தது காலடியில அந்த ரெண்டாவது பிரேக் மட்டும்தான். ஸ்கூலுக்குப் போறது வர்றதெல்லாம் ஸ்கூட்டர்ல. பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிச்சு அலுத்துப்போய் இறங்கி வந்து, "பெரியவரே, புதுசா பழகுறீங்களா? மாஸ்டர் இல்லாம மலைக்கெல்லாம் வரக்கூடாதுங்க" அப்படிங்கிறார். உன் அக்கா சிரிக்கல, அதுக்கு நன்றி. "நகருங்க"ன்னா. நகர்ந்தேன். சீட்டை முன்னாடி இழுத்தா, முணுமுணுத்தா பாரு, "மூணு கண்ணாடி, ஒரு கழுத்து!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அது யாரோட மந்திரம்? எதிர்த்த தெரு டிரைவிங் ஸ்கூல் மொட்டை மாஸ்டரோடது! மூணு கண்ணாடியும் பார்த்து, கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும்னு அவன் சொல்லிக்கொடுக்கிறது. ஊர் பூரா அதை நான் கேலி பண்ணியிருக்கேன். "அவர்கிட்ட கத்துக்கிட்டு லைசென்ஸும் வாங்கியாச்சு. தம்பி கார்லதான் ஓட்டிப் பழகினேன்" அப்படிங்கிறா சாவகாசமா. அடப்பாவி, நீயும் கூட்டா? பொங்கலுக்குப் பொங்கல் வரிசை வச்சு நீங்க கவனிச்ச மாப்பிள்ளை இல்லையாடா நான்? "என்கிட்ட கேட்டிருக்கலாமே"ன்னேன். "உங்ககிட்ட கத்துக்கிட்டா நான் கியர் போடுறதுக்குள்ள நீங்க பிரேக்கை மிதிச்சிடுவீங்க"ன்னா. அப்பவும் நான் தரையை மிதிச்சுக்கிட்டுதான் இருந்தேன். உச்சி வரைக்கும் மிதிச்சேன். உன் கால்மிதி கிழிஞ்சுபோச்சு, மன்னிச்சுக்கோ.

உச்சியில இந்த விடுதிக்கு வந்ததும், மொட்டை மாஸ்டர் ஸ்டூடண்ட் ஓட்டுற வண்டியில இனி ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன். "சரி, நாளைக்குக் குகைக்கு நான் மட்டும் போறேன்"னு சொல்லிட்டு ஸ்வெட்டரை எடுத்து வைக்கிறா. இத்தனை வருஷம் காத்திருந்த குகையை அவ ஒத்தையில போய்ப் பார்த்துட்டு வந்தா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவகூட இருக்கிறது? அவ ஓட்டற வண்டியில ஏறவும் மனசு வரல. அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு முழு ஆசி. உனக்குப் பாதி ஆசி, மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள்.

கோபத்துடனும் வேறு வழியில்லாத அன்புடனும்,
உன் அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், "இருக்கட்டும், அவனும் கொஞ்சம் திட்டு வாங்கட்டும்" என்கிறாள் உன் அக்கா. காலையில் இஞ்சினைப் போட்டுவிட்டு, கிளம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டயரில் காற்று பார்க்கிற சாக்கில் நானும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணாடியை இறக்கினாள். "முப்பது வருஷமா அடுத்தவங்க காலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்களேன். அதுக்குத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள். கண் கலங்கிப்போச்சு மச்சான். குளிர்காத்துன்னு சமாளிச்சுக்கிட்டு ஏறிட்டேன். குகை அந்தக் காலண்டர்ல இருந்ததைவிட நீலம். உள்ளே வழிகாட்டி விளக்கை அணைச்சுக் காட்டினப்ப நான்தான் அவ கையைப் பிடிச்சேன். மொட்டை மாஸ்டர் கேட்டா, சுமாரா ஓட்டறாங்கன்னு மட்டும் சொல்லு. குகையிலேருந்து விடுதிக்குத் திரும்பி வர்ற வழியில ரெண்டு ஏரி. ஒண்ணைக் கண்குளிரப் பார்த்தேன். ரெண்டாவது எப்படி இருந்துச்சுன்னு உன் அக்காவைத்தான் கேக்கணும். நான் தூங்கிட்டேன்.