ருமினி இல்லை அவர்களுக்கு வரும் வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்

ஜகார்த்தா, 'ஆசிரியர் தோட்டம்' இலவசப் பாடத்தளத்தின் பொறுப்பாசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

வொனோகிரி மாவட்டத்திலிருந்து, ஓய்வுபெற்ற தபால்காரன் பொனிமான் எழுதிக்கொள்வது. தங்கள்மீதும் தங்கள் வீட்டார்மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நான் நலம். இடது முழங்கால் மட்டும் நலமில்லை. தாங்கள் ஐயாவா அம்மாவா என்று தங்கள் தளத்தில் எங்கும் போடவில்லை, ஆகையால் பொதுவாக எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். என் மனைவி ருமினிக்குத் தாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பும் கடிதத்தை நிறுத்திவிட்டு, அவள் கணக்கை மூடிவிடவேண்டும். அவள் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. நான் முப்பத்தொரு வருஷம் இந்த மலைப்பாதையில் தபால் கொடுத்தவன், சட்டம் எனக்குத் தெரியும். பெறுநர் வெளியே போயிருந்தால் வீட்டில் இருப்பவர், 'இன்னாருக்காகப் பெற்றுக்கொண்டவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பெறுநர் இறந்துவிட்டால் உறைமேல் அதை எழுதி, அனுப்பியவருக்கே திருப்பிவிடவேண்டும். இதில் மூன்றாவது வழி கிடையாது. ஆனால் போனில் வருகிற கடிதத்தில் எங்கே எழுதித் திருப்புவது? அதன் கண்ணாடியில் பேனா பிடிக்கவில்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் மூலகாரணம் தங்கள் படிவம். நோய்க்காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடியபோது, ஒன்றாம் வகுப்பு டீச்சரான ருமினி, இலவசமாகப் பாடம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு உங்களிடம் சேரப் போனாள். முதல் பெயர் கேட்டீர்கள், ருமினி என்று போட்டாள். இரண்டாம் பெயர் கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பெயர்தான், இதுவரை யாருக்கும் அது பற்றாமல் போனதில்லை. வெற்றிடமாக விட்டாள், சிவப்பு எழுத்தில் அதட்டினீர்கள். மறுபடி விட்டாள், மறுபடி அதட்டினீர்கள். "இல்லாததை எங்கேர்ந்து கொண்டு வர்றது?" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். உடனே ஏற்றுக்கொண்டு, "வருக, ருமினி இல்லை!" என்று வரவேற்றீர்கள். முதல் பயிற்சி முடிந்ததும் சான்றிதழும் அதே பெயரில் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். கிராமத் தலைவர்கூட, "இபு இல்லை இருக்காங்களா?" என்று இபு போட்டு மரியாதையாகத்தான் வாசலில் நின்று கேட்பார், அவள் உள்ளேயிருந்து, "இல்லை இருக்கேன்!" என்பாள். சிரிப்பாகத்தான் இருந்தது, அப்போது.

பாடம் எடுத்துக்கொள்ளப் போனவள் பாடம் கொடுக்க ஆரம்பித்தாள். ஓசியில வாங்கினா ஓசியில குடுக்கணும் என்பது அவள் கட்சி. புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லித்தரும் முப்பத்தெட்டுப் பாடங்கள். படம் பிடித்தவன் அடியேன். முதல் பாடத்தில் பாதி என் கட்டைவிரல்தான் தெரியும். பத்தொன்பதாம் பாடத்தில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே எங்கள் சேவல் கூவும். திரும்ப எடுக்கலாம் என்றேன். "கிடக்கட்டும் பாக், பிள்ளைங்க முழிச்சுக்குவாங்க" என்றாள். ஊரார்போல அவளும் என்னை மரியாதையாகப் பாக் என்றுதான் கூப்பிடுவாள். முப்பத்தொன்பதாவது கழித்தல் பாடம். அதற்காக இருபது கொட்டைகளைக் கழுவி, காயவைத்து, காபி டப்பாவில் போட்டுவைத்திருந்தாள். மழை தொடங்கிய வாரம் நெஞ்சுவலி வந்தது. மலையிறங்கி ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டப்பா அலமாரியில்தான் இருக்கிறது, நான் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கள் கடிதம் வந்தது: "அன்புள்ள ருமினி இல்லை, உங்களைக் காணோமே! ஐந்து புதிய பாடங்கள் காத்திருக்கின்றன." சரி, தெரியாமல் எழுதுகிறார்கள் என்று விட்டேன். நூறாம் நாள் ஓதலும் ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. பாயில் நாற்பது பேர், நடுவில் சோறு, பள்ளிவாசல் மோதினார் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருக்கிறார். என் சட்டைப்பையில் அவள் போன் சிணுங்கியது. அவளுடைய போனை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள், சார்ஜ் ஏற்றாமல் விட மனசு வரவில்லை. அதை நிறுத்தத் தெரியாமல் எங்கேயோ அழுத்தித் தொலைத்தேன். போன் சத்தமாக வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தது: "ருமினி இல்லை! நீங்கள் இல்லாமல் தோட்டம் வாடுகிறது! திரும்பி வாருங்கள்!" மோதினார் கண்ணைத் திறந்தார். "யாருப்பா அது?" என்றார். "ஜகார்த்தாலேர்ந்து பாக், இலவசம்" என்றேன். ஒருவர் சிரித்தார், பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், அங்கே தனியாக நின்று அழுதேன். பெரியவனாயிற்றே, யார் முன்னாலும் அழக்கூடாது அல்லவா.

மறுவாரம் தங்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். "யார் பேர்ல கணக்கு பாக்?" என்றாள். "ருமினி இல்லை." "பரவாயில்ல பாக், அவங்க வந்ததும் பேசச் சொல்லுங்க." "வரமாட்டாம்மா." "வெளியூரா?" "அவ இப்ப இல்லம்மா." "அதான் பாக், எப்ப இருப்பாங்க?" "அம்மாடி, அவ பேரே இல்லை!" "பேரே இல்லாம எப்படி பாக் கணக்கு தொடங்குனாங்க?" பதினொரு நிமிஷம் இப்படியே போனது. முப்பத்தொரு வருஷத்தில் 'இறந்துவிட்டார்' என்று எத்தனையோ உறைமேல் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன், "செத்துப்போயிட்டாம்மா" என்று. அந்தப் பெண் மெதுவாக, "மரணச் சான்றிதழ் அனுப்புங்க பாக், கணக்குல இருக்கிற பேருலயே இருக்கணும்" என்றாள்.

கிராம அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் ஜும்பாடிக்கு ருமினிதான் அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். "சான்றிதழ்ல ருமினின்னுதானே இருக்கு, அவங்க ருமினி இல்லைன்னு கேக்குறாங்களே" என்று தலையைச் சொறிந்தான். "ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிக் குடுடா" என்றேன். அரைமணி நேரம் யோசித்து, தட்டெழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். 'ருமினி என்பவரும் ருமினி இல்லை என்பவரும் ஒருவரே எனச் சான்றளிக்கப்படுகிறது.' வீட்டுக்கு வந்து அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. அந்தப் பயல் அறியாமல் எழுதிவிட்டான், ஆனால் என் வீட்டு நிலவரம் அதுதான். காலையில் இரண்டு தம்ளர் டீ ஊற்றிவிட்டு ஒன்றைத் திருப்பிச் சட்டியில் ஊற்றுகிறேன்.

இதையெல்லாம் போனில் படம் பிடித்து அனுப்பியபோது, 'கணக்கை மூடினால் முப்பத்தெட்டுப் பாடங்களும் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கேட்டு இரண்டு பொத்தான் காட்டினீர்கள். என் விரல் அங்கே போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் எனக்குத் தெரிந்த வழியில், தாளில், தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். சம்மதம். அழித்துவிடுங்கள். போனவளை வாரா வாரம் கூப்பிடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தப் பாடங்களை இப்போது யார் பார்க்கப்போகிறார்கள்? நான்கூடப் பார்ப்பதில்லை, குரல் வருகிறது.

தங்கள் தோட்டம் செழிக்கட்டும். போன் எடுத்த அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகட்டும், ஏற்கெனவே ஆகியிருந்தால் நிலைக்கட்டும். தங்கள் குழந்தைகளுக்கு நல்ல டீச்சர் அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
பொனிமான்

பி.கு.: உறையை ஒட்டத் தபால் நிலையம் வந்தேன், இங்கேதான் இலவசப் பசை. இன்று வெள்ளி. அவள் போன் சிணுங்கியது. தங்கள் கடிதம்தான் என்று எடுத்தால், தங்கள் தளத்தின் வழியாக வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். ஃப்ளோரஸ் தீவிலிருந்து ஒரு டீச்சர், பெயர் மரியா யோவிதா. "இபு இல்லை, எங்க பள்ளிக்கூடத்துல புத்தகம் பத்தாது. வருஷம் பூரா உங்ககூடத்தான் எங்க பிள்ளைங்க எண்ணுறாங்க. பத்தொன்பதாம் பாடத்துல சேவல் கூவினா இருபத்தாறு பேரும் சேர்ந்து கூவுறாங்க. அடுத்தது கழித்தல்னு சொல்லி முடிச்சிருந்தீங்க. பிள்ளைங்க தினமும் கேக்குறாங்க, எப்ப வரும்?"

ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் செய்யவேண்டாம். கணக்கை மூடவேண்டாம். படிவத்தையும் பெயரையும் திருத்தவேண்டாம். வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறக்கப்போகிறேன். இருபதிலிருந்து ஒன்றை எடுத்தால் மிச்சம் என்ன என்று எனக்குத்தான் இப்போது நன்றாகத் தெரியுமே, நானே சொல்லித்தருகிறேன். இந்தத் தடவை கட்டைவிரல் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். சேவல் கூவினால் கூவட்டும். வெள்ளிக்கிழமைக் கடிதமும் வரட்டும், திருப்ப மாட்டேன். சட்டப்படி கையெழுத்து இத்துடன்:

ருமினி இல்லை அவர்களுக்காகப் பெற்றுக்கொண்டவர்: பொனிமான், கணவர்.