பட்டினி எலியும் பிரசாத லட்டும்

இரக்க குணம் உள்ளவன் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் எனக்கு உடம்பு கூசும். நான் மனமார இரக்கப்பட்டது ஒரே ஒரு தடவை. அதில் ஒரு பெண்ணின் படிப்பே கவிழ்ந்தது.

சித்தூர் ஜில்லா ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று டீக்கடைதோறும் சண்டை நடந்த காலம். நகரிக்காரனான எனக்குத் திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு பார்த்துக்கொள்ளும் வேலை. (ஊரில் 'சயின்ஸ் உத்தியோகம்' என்று சொல்லி வைத்திருந்தேன்.) அங்கே ஆராய்ச்சி செய்தவர் விமலாம்மா, தெலுங்குக்காரர். வயிறு நிறைந்த எலியின் கல்லீரல் செல்களில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து, சாயம் ஏற்றினால் மைக்ராஸ்கோப்பில் செக்கச்செவேலென்று தெரியும். பட்டினி எலியில் வெளுத்துக் கிடக்கும். எத்தனை மணி நேரத்தில் வெளுக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அது தேறினால் மதராஸில் உதவித்தொகையோடு மேல்படிப்பு. தேறாவிட்டால் அவர் அப்பா பார்த்து வைத்திருந்த கல்யாணம்.

சனிக்கிழமை ஆறு எலிகளைத் தனிக்கூண்டில் போட்டார். "ஏமய்யா, இதுங்களுக்குத் தண்ணி மட்டுந்தான். ஒரு பருக்கை போடக்கூடாது, அர்த்தமாயிந்தா?"

மறுநாள் காலை, திருமலையிலிருந்து இறங்கிய என் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) நேரே என்னிடம் வந்தார், மொட்டைத் தலையும் ஒரு லட்டுமாக.

"பிரசாதத்தத் தனியா துன்னாதடா. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டுத் துன்னு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கம்பிக்குள்ளிருந்து ஆறு மூக்குகள் என்னையே மோந்துகொண்டிருந்தன. (பெருமாள் பிரசாதம் சாப்பாட்டில் சேருமா? சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.) ஆளுக்கொரு துண்டு போட்டேன். புண்ணியம் சேர்த்த களிப்பில் கூண்டைக்கூடப் பெருக்கினேன். பதினோரு மணிக்கு விமலாம்மா வந்து எலிகளை அறுத்தார்.

பத்து நாள் கழித்து ஸ்லைடைப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். பட்டினி எலியிலும் ஒரே சிவப்பு! "இது யாரும் பார்க்காத விஷயம் அய்யா!" என்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் பாவி காபியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்லைடைப் பார்க்க மதராஸ் பேராசிரியரே வந்தார், கல்லூரி வாத்தியார்கள் புடைசூழ. வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "வயித்தை எடுத்து வெச்சிருக்கியாம்மா?" என்றார். விமலாம்மா எதையும் எறியமாட்டார். பாட்டிலைத் திறந்து, எலியின் வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளே மஞ்சளாகக் கடலைமாவு, ஏலக்காய்த் தோல்.

"பட்டினி எலிக்கு ஏலக்காய் ஏதம்மா?"

விமலாம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிரசாதம்ங்க" என்றேன்.

அறையே வெடித்துச் சிரித்தது. விமலாம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே அய்யா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இன்னொரு தடவை எலி வளர்க்க அவர் அப்பா சம்மதிக்கவில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்தது. என் வேலை போகவே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் என்னைத்தான் வெளியே துரத்துவார்கள். "தாத்தா லட்டு ஊட்டிடுவாரு!" என்று பேத்தி கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் சிரிப்பு அடங்குமுன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்புறம் அந்த அம்மா என்ன ஆனாங்க தாத்தா என்று அவள் கேட்டுவிட்டால், நான் என்ன சொல்வது?