முழங்கால் தண்ணீரில் முங்கியவனின் கண்

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

பெரியதாழையில் நலமாக வீற்றிருக்கும், எனக்குச் சம்மந்தியாக வரவேண்டிய ஜேசுதாசன் அண்ணாச்சிக்கு, பெண்ணைப் பெற்ற கிளைட்டன் பணிவோடு எழுதுவது. இங்கு அனைவரும் சுகம், என் கண்கள் நீங்கலாக.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாத மழையில் எங்கள் தெருவில் சேறும் தண்ணீருமாய் நின்றபோது, என் மனைவி மரியசெல்வியின் ஸ்கூட்டர் சாவி அதில் விழுந்தது. முத்துக்குளித்த வம்சத்தில் பிறந்துவிட்டுக் கையால் துழாவுவதா என்று, முழங்கால் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டு முங்கினேன். முன்பாதிதான் முங்கியது என்று எதிர்வீட்டார் இன்றுவரை சொல்கிறார்கள். “எந்திரியும், தெருவே பாக்குது. சாவி இந்தா என் கால்ல தட்டுது” என்றாள் அவள்.

ஒரு வாரத்தில் கண் சிவந்தது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், ஓயாமல் தண்ணீர். மெட்ராஸ் ஐ என்று வீட்டில் என் தட்டையும் துண்டையும் தனியாக்கினார்கள். நானோ என் அண்ணன் மனைவி, மைனிக்குக் கண்புரை ஆபரேஷனில் மிஞ்சிய சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டேன். சிவப்பு அடங்குவதும் திரும்புவதுமாக இழுத்தது. அந்தக் கோலத்தில்தான், பிள்ளைகளின் கல்யாணத்தை ஊருக்கு அறிவித்துக் கோயிலில் ரெண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று நின்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நேரம் பார்த்து நீங்கள் திரும்பினீர்கள். “குடிகாரன் வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேன், மூணாம் ஓலைய நிறுத்துங்க சாமி” என்று நீங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் என் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. “ஒங்க கண்ணு என் கல்யாணத்த முழுங்கிரும் போலுக்கேப்பா” என்று மகள் ஷெர்லின் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாளே கண் டாக்டர் ஆனியிடம் ஓடினேன். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

“கருவிழியில குருணை தெளிச்ச மாதிரி புள்ளி இருக்கு அண்ணாச்சி. சேத்துத் தண்ணி எதுலயும் முங்குனீங்களா?”

கண்ணுக்குள் என் மானம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணை மரத்துப்போகச் செய்து, மேலாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். முட்டை வடிவத்தில் பொடிப்பொடியாய் என்னென்னவோ. மைக்ரோஸ்போரிடியா என்ற கிருமியாம்.

“நீங்க விட்டது ஸ்டீராய்டு சொட்டு. செவப்ப அமுக்கும், கிருமி உள்ள சொகமா இருக்கும். யாரு விடச் சொன்னா?”

“மைனிக்கு எழுதிக் குடுத்தது...”

“மைனி கண்ணு வேற, ஒங்க கண்ணு வேற. இன்னியோட அத நிறுத்துங்க. சுரண்டுனதுல பாதி போயிரும். நான் தார சொட்ட மட்டும் விடுங்க, மிச்சத்த கண்ணே பாத்துக்கிடும்.”

இப்போது உறுத்தல் போய்விட்டது. அண்ணாச்சி, குடித்துச் சிவக்கிற கண்ணுக்கு இத்தனை பெரிய பெயர் யாரும் வைப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் சாராய வாடையே கிடையாது. என்னைக் கோமாளி என்று ஊரெல்லாம் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். உங்கள் ஜாய்சனையும் என் மகளையும் மட்டும் பிரித்துவிடாதீர்கள். வருகிற ஞாயிறு மூணாம் ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள்.

மாதா உங்கள் வீட்டுக்கும் வள்ளங்களுக்கும் துணையிருப்பாளாக. உங்கள் வீட்டு மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தெளிந்த கண்ணோடு,
கிளைட்டன்

பின்குறிப்பு: இதை நேரில் கொண்டுவந்து, எங்கள் குடும்பத்தின் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்ல என் மச்சினன் வில்பிரட்டை அனுப்புகிறேன். அவன் கண்ணும் சிவந்திருக்கும். அவனுக்குக் கிருமி எதுவும் இல்லை.