ஏரிக்குப் போன வழி

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குக் கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். ஆறு தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியாது (இது என் குறை மட்டும், ஊரை இதில் இழுக்கக்கூடாது).

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வசந்தியின் தகப்பன் (எனக்கு அங்கிள்) ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய புதிது. மகளை எனக்குத் தருவதா என்று அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு எல்லோரும் ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம். ஸ்காபரோவின் ஓரத்தில் ஒரு சின்ன ஆற்றுப் பாலம் வந்தது. இதன் கரையோடு நடந்தால் ஏரி வரும், எனக்குப் பழகின பாதை என்று அளந்துவிட்டேன். அதுவரை அந்த ஆற்றை பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. வசந்தியின் தாயும் சாப்பாடும் அவளுடைய தமையனின் காரில் ஏரிக்குப் போக, வசந்தி, அங்கிள், நான் மூவரும் இறங்கி நடந்தோம்.

முழங்காலளவு தண்ணீர், அடியில் கூழாங்கல். நேராகப் போக விருப்பமில்லாத ஆறு. வழியில் நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நகரும். வெயில் ஒருமுறை முகத்தில் அடித்தது, ஒருமுறை பிடரியில்.

அங்கிள் நின்றார். "தம்பி, தண்ணி எங்களைப் பாத்தெல்லோ வருகுது."

"இங்கத்தை ஆறுகள் அப்பிடித்தான் அங்கிள்."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆறு மெலிந்துகொண்டே போய் வாய்க்காலானது. கடைசியில் ஒரு சோளத் தோட்டத்துக்குள், இந்தக் கரையில் ஒரு காலும் அந்தக் கரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு அங்கிள் மிக மரியாதையாகக் கேட்டார்:

"ஏரி இனிக் கிட்டவோ?"

கலியாணம் அந்த வாய்க்காலோடு போய்விட்டது என்றே நினைத்தேன். நல்லகாலம், தோட்டக்காரப் பெண்மணி ஒருவர் பிக்கப் ட்ரக்கில் வந்தார். வசந்தி நடந்ததைச் சொல்ல, அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்துவிட்டு, எங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் ஏரியில் இறக்கினார்.

அங்கே வசந்தியின் தாய், முழங்காலளவு ஆறு எங்களை அடித்துக்கொண்டு போய்விட்டதென்று அழுது, மகனைத் தண்ணீருக்குள் இறக்கித் தேடவிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் வாய் ஓயும்வரை ஏசினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டார். எனக்கும் போட்டார்.

அங்கிள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னைக் காட்டி மனைவியிடம் சொன்னார்:

"கலியாணத்தை ஆவணியிலை வைப்பம். உவர் பொய் சொன்னால் உடனை பிடிபடுவார். பயமில்லை."



இன்றைக்கும் விருந்துக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் வசந்தியும் மகளும் ஃபோனை என்னிடம் தரமாட்டார்கள். தவறி என் கைக்கு வந்தாலும், மகள் பக்கத்தில் நின்று உரத்துச் சொல்வாள்:

"அப்பா சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. கேட்டுட்டு மற்றப் பக்கம் வாங்கோ."