சுவரில் ஓடிய தாமிரபரணி

தாமிரபரணியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று ஹெப்ரான் முடிவு செய்தார். குழாய் வழியாக அல்ல. அது எப்படியும் வந்துகொண்டுதான் இருந்தது. முழு ஆறாக, கரையோடும் மேகத்தோடும், பாளையங்கோட்டையில் இருக்கும் அவர் வீட்டு முன்சுவரில் அது ஓட வேண்டும். வெளிச்சமாக ஓட வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் ஓட வேண்டும்.

இந்த மாதிரி முடிவுகள் அவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். சேரன்மகாதேவியில் ஒரு பாசன அலுவலகத்தில் எழுத்தர் வேலை. டிபன் பாக்ஸைக் கழுவியதும் நேரே ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். மருத மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார். அது போவதைப் பார்ப்பார். அது போய்விட்டதா என்று பார்த்தால் இன்னும் போய்க்கொண்டிருக்கும். திரும்பி வந்து கோப்பைத் திறந்தால் எழுத்துகளும் கொஞ்ச நேரம் கிழக்குப் பார்த்து நகரும். அவர் செல்போனில் ஆற்று வீடியோ மட்டும் இருநூறுக்கு மேல் இருந்தது. மகள் கரோலின் கல்யாணத்தில் அவர் எடுத்தது நான்கு. அதில் ஒன்றில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் மட்டும்தான் இருந்தது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் வண்ணார்பேட்டையில் பஸ் மாறும்போது ஷேக் மைதீன் கடை வாசலில் நின்றுவிட்டார். கடைக்குள்ளே ஒரு தட்டி முழுக்கக் குட்டி எல்இடி பல்புகள். அதில் ஆரஞ்சு மீன் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்தியது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அந்த மீனையே பார்த்தார். பிறகு உள்ளே போய், பல்புக்கு எப்படி நீந்தத் தெரிந்தது என்று கேட்டார்.

ஷேக் மைதீன் ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். சாப்பாட்டுப் பொட்டலம் அளவுதான் இருந்தது. "பல்புக்கு ஒரு மண்ணும் தெரியாது அண்ணாச்சி. லேப்டாப்ல படத்தை ஓட்டணும். இந்தக் கன்வெர்ட்டர் டப்பா படத்தைப் பாத்து, நீ பச்சையா எரி, நீ நீலமா எரின்னு ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியா சொல்லிக் கொடுக்கும். வரிசைக்கு நாப்பது, இருபத்தஞ்சு வரிசை. ஆயிரம் பல்பு இருந்தா நீங்க என்னத்தையும் ஓட்டலாம்."

"ஆத்தை ஓட்டலாமா?"

"ஆத்தையும் ஓட்டலாம்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பல்புச் சரங்களைக் காலடியிலும் டப்பாவை மடியிலும் வைத்துக்கொண்டு வந்தார் ஹெப்ரான். இதில் கனவு மட்டும் இல்லை, ஒரு தந்திரமும் இருந்தது. அந்த முன்சுவர் ஒன்பது வருஷமாகப் பூசாமல் கிடந்தது. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பூசுங்கள் என்று அவர் மனைவி கெசியா சொல்லாத மாதம் இல்லை. முதல் வருஷம், புதுச்சுவர் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றார் ஹெப்ரான். அடுத்த வருஷம் மணல் கிடைக்கவில்லை என்றார். மணல் கிடைத்த வருஷம் மழை ஓயட்டும் என்று காத்திருந்தார். பிறகு, பெரிய ஊர்களில் செங்கல் தெரிய வீடு கட்டுவதுதான் இப்போது நாகரிகம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டார். இனி அந்தப் பேச்சே எழாது. ஆறு ஓடுகிற சுவரில் எவன் செங்கல்லைத் தேடப் போகிறான்?

கெசியா ஒரு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஹெப்ரான் பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் டப்பாவை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவரை ஒருதரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கும்" என்றாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த ஒரு மனுஷனுக்கு அந்த இடத்திலேயே பயம் வந்திருக்க வேண்டும். ஹெப்ரானுக்கு அந்த நேரம் கண்ணுக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

டப்பாவோடு ஒரு செய்முறைத் தாள் வந்திருந்தது. பொடி எழுத்து. சீனாக்காரர் எழுதிய இங்கிலீஷ். நாலாவது வார்த்தையிலேயே ஹெப்ரான் தடுக்கி விழுந்தார். கெசியாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எட்டாம் வகுப்பு விடைத்தாளை இருபது வருஷமாகத் திருத்துகிறவளுக்கு எந்த இங்கிலீஷும் புரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு வருத்தமாகத் தலையை ஆட்டினாள்.

"சுவர் வழுவழுன்னு இருக்கணுமாம். கரடுமுரடான சுவர்ல வெளிச்சம் உடைஞ்சு போகுமாம்."

"உடைஞ்சா?"

"ஆத்துல அலை வராதாம். மேடு பள்ளமாத்தான் வருமாம். நான் சொல்லல. இதுல போட்டிருக்கு."

தாமிரபரணி மேடு பள்ளமாக வருவதை ஹெப்ரானால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாளே கொத்தனார் பெருமாள்ராஜ் வந்துவிட்டார். சுவரைப் பூசி முடித்ததும், ஏழு நாளைக்குக் காயவிடாமல் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டுப் போனார். தினமும் விடியற்காலையில் ஹெப்ரான் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரச் சிமெண்டில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கும். கிழக்கு வெளுக்கும்போது அதில் கொஞ்சம் இளஞ்சிவப்பு ஏறும். ஆறு வந்து இடம் பார்த்துவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தோன்றும். பால்காரர் மணியடித்ததுகூடக் காதில் விழாது. அந்த ஏழு நாளும் அவருக்குச் சந்தோஷமாகவே போனது. சுவர் காய்ந்ததும் வெள்ளையடித்தார்கள்.

தாளில் இன்னும் நிறைய இருந்தது. பத்தடிக்குள் ஈரம் சொட்டக் கூடாதாம். நாலு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த மாடித் தொட்டிக் குழாயை ஹெப்ரான் மாற்றினார். டப்பாவுக்குக் காற்றோட்டம் வேண்டுமாம். கரோலின் கல்லூரியில் படிக்கும்போது இறுகிப்போன முன்னறை ஜன்னலைச் செதுக்கித் திறந்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் மறைப்பு ஆகாதாம். அப்படியென்றால் வாசலில் நிற்கும் அவருடைய பழைய மொபெட். அது ஓடி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கெசியாவைப் பெண் பார்க்க அவர் போனது அதில்தான். கெசியா அதைத் துடைத்து அனுப்பி வைத்தாள். பழைய சாமான்காரர் உருட்டிக்கொண்டு போகும்போது ஹெப்ரான் தெருமுனைவரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ஒரு இடத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பல்பு கட்டுகிறவர் வேலை முடியும்வரை எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றாள் கெசியா. டாக்டர் இதே பேச்சைப் பேசியிருந்தார் என்பது ஹெப்ரானுக்கு லேசாக ஞாபகம் வந்தது. சீனாக்காரனுக்கு நம் வடையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பல்புக்கு ஆகாது, நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற லட்சணம் அங்கே வரைக்கும் தெரிந்திருக்கிறது என்றாள் அவள். அது நியாயமாகவே பட்டது. சேரன்மகாதேவி டீக்கடைக்காரர், அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன என்று அலுவலகத்துக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. கெசியா மதியமே கோயிலுக்குப் போய்விட்டாள், கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்கு. ஹெப்ரான் ஏணியில் ஏறி வெள்ளைச் சுவரில் கடைசிச் சரத்தையும் கட்டினார். சரம் மேலே இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகத் திரும்பி, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்கியது. லேப்டாப்பைத் திறந்து, இருநூறில் ஆக நல்ல வீடியோவை எடுத்தார். டப்பாவை இணைத்தார். நாலு மணிக்கே வானம் மூடிக்கொண்டு இருட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டார்.

ஆறு ஓடியது. செக்கச்செவேலென்று ஓடியது.

அதுவும் ஒரு வரிசை கிழக்கே போனது, அடுத்த வரிசை மேற்கே போனது. ரத்த ஆறு தனக்குத்தானே சண்டை போட்டுக்கொள்வது மாதிரி இருந்தது. பைபிளில் ஆற்றை ரத்தமாக்கிய எகிப்து தேசத்து வாதை தன் வீட்டுக்கும் வந்துவிட்டதாக நினைத்து ஹெப்ரான் சுவிட்சை அணைத்துவிட்டு ஷேக் மைதீனுக்குப் போன் போட்டார். அவர் கடையில் கூட்டம். பயப்படாதீங்க அண்ணாச்சி, பச்சையும் சிவப்பும் இடம் மாறியிருக்கு, சரம் திரும்பித் திரும்பி வருதுன்னு டப்பாகிட்ட சொல்லணும், எல்லாம் அந்தத் தாள்லயே இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஹெப்ரான் கெசியாவின் பழைய கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். செய்முறைத் தாளை விரித்து, எழுத்துக் கூட்டி, முதல்முறையாகத் தாமே கடைசிவரை வாசித்தார்.

ஒரே தாள்தான். வயர் எங்கே செருக வேண்டும் என்று ஒரு படம் இருந்தது. நிறம் மாறினால் என்ன செய்வது, வரிசை திரும்பினால் எந்தப் பொத்தான் என்று இருந்தது. தண்ணீரில் போடாதே என்று இருந்தது. அவ்வளவுதான். அதில் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜன்னல் இல்லை, குழாய் இல்லை, மொபெட் இல்லை. தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கச் சீன எழுத்து. சரி, எல்லாம் இங்கே இருக்கும் போல என்று நிம்மதியாக மூச்சு விட்டார். கெசியாவுக்குச் சீனமொழி தெரியாது என்பது அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோபமாக வந்தது. கோபத்தோடேயே நிறத்தை மாற்றினார், வரிசையைத் திருப்பினார். அவள் வரட்டும், இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நிமிர்ந்தார்.

சுவரில் தாமிரபரணி வந்திருந்தது.

பச்சையும் அல்லாத, நீலமும் அல்லாத அந்த நிறம். கரை மரத்தின் நிழல் தண்ணீரில் விழுந்து நீண்டு உடைந்து மறுபடி சேர்ந்தது. ஆயிரம் பல்புக்குள் மேகம் ஒன்று மெதுவாகப் போனது. வெள்ளைச் சுவர் அந்த வெளிச்சத்தை வாங்கி, வாசல் தரையிலும் அவர் கைமேலும் விட்டது. கையை அசைத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் அசைகிற மாதிரியே இருந்தது. கேட்பதற்கு வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகக் கிழக்கே போய்விட்டன.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. காம்பவுண்ட் கேட் அருகே கெசியா நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் பாட்டுத் தாள்கள். முகத்தில் ஆற்று வெளிச்சம் ஓடியது. அவள் சுவரைப் பார்த்த மாதிரி அவர் ஆற்றைக்கூடப் பார்த்ததில்லை.

ஹெப்ரான் செய்முறைத் தாளை எடுத்து நீட்டினார். "இதுல சுவரே இல்லையே, கெசியா."

அவள் மறுக்கவில்லை. உள்ளே வந்து, அவரையும் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் பாட்டுக் குழு வருஷாவருஷம் கடைசி வீட்டில் உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, காப்பி குடித்துவிட்டுத்தான் கலையும். இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல், கடைசி வீடு நம் வீடாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒவ்வொரு வருஷமும் பெயர் கேட்கும்போது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு கேட் அருகே நிற்கவைத்தே கேக் கொடுத்து அனுப்பினாள். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட அந்தச் செங்கல் விடவில்லை. இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஹெப்ரான் அவள் பக்கம் திரும்பினார். "இதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லா?"

"ஒம்பது வருஷமா தமிழ்லதான் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல. சீனாக்காரன் சொல்லுதான்னதும் மறுநாளே கொத்தனார் வந்துட்டாரு."

ஹெப்ரான் தாளை மறுபடி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஏழு மணிக்குப் பாட்டுக் குழு வந்தது. தெருமுனையில் கிட்டாரும் மேளமுமாகச் சத்தமாகத்தான் வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் ஒவ்வொருவராகப் பாட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். மேளம் மட்டும் கொஞ்சம் பிந்தி நின்றது. கெசியா எல்லாரையும் உள்ளே வாருங்கள், உட்காருங்கள் என்று கூப்பிட்டாள். அந்த வார்த்தையை அவள் தேவைக்கு அதிகமாகவே சொன்னாள். பிறகு ஆறு ஓடும் சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் பைய, தணிந்த குரலில் பாடினார்கள்.

குழுவின் செயலாளர் ஞானையா காப்பி டம்ளரோடு ஹெப்ரான் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல ஏற்பாடு என்று பாராட்டினார். டீச்சர் இந்த வருஷம் நவம்பரிலேயே கடைசி வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்றும், சுவர் பூசி வெள்ளையடித்துத் தயாராக இருக்கும் என்று உறுதியாகச் சொன்னார்கள் என்றும் சொன்னார். எந்தத் தேதி என்று கேட்டார் ஹெப்ரான். ஞானையா யோசித்துச் சொன்னார். டப்பா வீட்டுக்கு வந்ததற்கு மறுநாள்.

இனிமேல் அவள் வாசித்துச் சொல்வது எதையும் நம்புவதில்லை என்று ஹெப்ரான் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுத்த முடிவு. அதனால் உறுதியானது என்று நினைத்தார்.

எல்லாரும் போன பிறகு கெசியா டம்ளர்களை அடுக்கிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேரும் இடத்தைத் தேடுகிற மாதிரி அவள் சுவரின் கிழக்கு ஓரத்தையே பார்த்தாள்.

"இது எங்கன போய் சேருது?"

"கடலுக்குத்தான்."

"நம்ம பின்பக்கச் சுவர் இதைவிட அகலம்லா" என்றாள் கெசியா, பாதித் தூக்கத்தில் பேசுகிற மாதிரி. "கடலுக்குத் தாராளமா பத்தும். என்ன, அதுவும் பூசாம கிடக்கு."

ஹெப்ரான் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. இந்தமுறை ஏமாறுவதாக இல்லை. எழுந்து, விளக்கை அணைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.

விடிவதற்குள் கொத்தனார் பெருமாள்ராஜுக்கு ஹெப்ரானிடமிருந்து மூன்று போன் வந்திருந்தது.