கடலடியில் ஒரு பாவசங்கீர்த்தனம்

கல்யாணப் பேச்சில் பொய் சொல்லாத ஆணை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் பொய் மட்டும் என்னை பால்டிக் கடலுக்கு அடியில் இருபது மீற்றர் இழுத்துக்கொண்டு போனது.

ஜெர்மனியில் உலகக்கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடை அது. எனக்குப் பேசியிருந்த பெண், பீலெஃபெல்டில் வளர்ந்த ஜெசிந்தாவுக்கு, விடுமுறை என்றால் கடலில் இறங்கி மூழ்கிய கப்பல் பார்க்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே, "நாங்கள் மன்னாரில முத்துக்குளிக்கிற பரம்பரை" என்று அளந்துவிட்டேன். (அப்பா மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். தூறலுக்கே குடை விரிப்பவர்.)

"அப்ப ஒருக்கா என்னோட வாங்கோ. பிறகு முடிவு சொல்லுறன்" என்றாள்.

அவசரமாகப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பரம்பரைக்காரனுக்கு எதற்குப் பயிற்சி என்று அவள் கேட்கவேயில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

தண்ணீர் புகாத உடையின் கழுத்து ரப்பருக்குக் கீழே ஒரு மயிர்கூட இருக்கக்கூடாது என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொன்னார். அம்மாவோ எசன் நகரிலிருந்து தொலைபேசியில், "உத்தரியத்தைக் கழுத்தால கழட்டிப்போடாத, தம்பி" என்றார். மாதா படம் கோத்த அந்தக் கயிற்றைக் கழற்றாமல், நான் அம்மா சொன்னதைக் கேட்டேன்.

கீழே எல்லாமே பச்சை. சத்தமே இல்லை. பழைய சரக்குக் கப்பல் ஒன்று ஒருக்களித்துத் தூங்கியது. அதன் ஜன்னல்களில் மீன்கள் ஓர் அவசரமுமில்லாமல் போய்வந்தன. ஜெசிந்தாவின் விளக்கு முன்னால் மிதந்தது. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

அப்போதுதான் உத்தரியக் கயிற்றின் வழியே குளிர்நீர் முதுகில் இறங்கியது. பிறகு இடுப்பு, பிறகு முழங்கால். சாகப்போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆச்சரியம், பயம் வரவில்லை, நித்திரைதான் வந்தது. ஆனால் பொய்யோடு சாகக்கூடாதே! பாவசங்கீர்த்தனம் கேட்க அங்கே சுவாமியார் இல்லை. ஜெசிந்தாவின் இடுப்பில், தண்ணீருக்குள் எழுதும் சிறு பலகை தொங்கியது. வாங்கி எழுதினேன்: "அப்பா கிளாக்கர். முத்து இல்லை. மன்னிக்கவும்."

விளக்கைப் பிடித்து வாசித்தாள். கீழே எழுதினாள்: "தெரியும். மேல வாங்கோ."

ஏறும் வழியில், படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அது விதி. அவள் கண்ணுக்குக் கண்ணாடி, வாயில் காற்றுக்குழாய். கோபமா சிரிப்பா, ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நீளமான மூன்று நிமிடத்தை நான் பிறகு கண்டதேயில்லை.

படகில் என் உடையைக் கழற்ற, ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாங்கள் முதல் சந்திச்ச அண்டைக்கே உங்கட அம்மா சொல்லிட்டா. நீங்களா எப்ப சொல்லுவீங்கள் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப... முடிவு?" என் பற்கள் தந்தியடித்தன.

"ஓம். ஆனா தண்ணிக்கு வெளியிலயும் உண்மை சொல்லோணும்."

அந்தப் பலகை இன்று எங்கள் சமையலறையில் தொங்குகிறது. விருந்தாளிகள் முன்னால் நான் பழைய கதை எதையாவது தொடங்கினால் போதும், என் இரண்டு மகள்களில் ஒருத்தி பென்சிலோடு வந்து நிற்பாள்:

"அப்பா, முதல்ல எழுதுங்கோ. பிறகு கதையுங்கோ."