மாப்பிள்ளை சொன்ன இடைவெளி

பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளையை மறுத்துக் கதைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மாப்பிள்ளை கறியில் உப்புக் குறைவு என்றால், உப்புக் கரிக்கிற கறிக்கும் இன்னொரு கரண்டி உப்பு விழும். இந்த மரியாதை எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் ஒரு லொறி எஞ்சினால் அறிந்துகொண்டேன்.

லொறி என் மனைவி கலாவின் தம்பி ரூபனுடையது. அவர்களின் தகப்பன், என் மாமா, விட்டுப்போனது. இங்கிலாந்தில் பிறந்து முரசுமோட்டையில் முதுமை எய்திய வாகனம். வீதியில் முதலில் புகை வரும், பிறகு சத்தம் வரும், அதற்கும் பிறகு ஆறுதலாக லொறி வரும். காலபோக நெல்வெட்டுக்கு முன்னர் எஞ்சினைப் பிரித்துக் கட்டிவிட்டால் நெல் ஏற்றுகிற வேலை முழுவதையும் அவனுக்கே தருவதாகப் பக்கத்து மில் முதலாளி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்கு. ரூபனின் வருசமே அந்த வெட்டில்தான் கிடந்தது.

எஞ்சின் கட்டும்போது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தலைமயிரளவு இடைவெளி விடவேண்டும். கூடினால் புகைக்கும். குறைந்தால் இறுகும். சரியான அளவு எது என்பதில்தான் சிக்கல். வவுனியாவில் இரும்பு கடைகிற லேத் கடை வைத்திருக்கும் தேவராசா அண்ணை ஓர் அளவு சொன்னார். கிளிநொச்சிக் கராச்சில் இன்னொன்று சொன்னார்கள். பளையில் ஒருவர், "அது விரலுக்குத் தெரியும்" என்றார்.

அங்கேதான் நான் நுழைந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) நான் வசனகவிதை எழுதுகிறவன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் எவ்வளவு மௌனம் விடலாம் என்று காலம் முழுக்க அல்லாடுகிறவன். எனக்கு ஒரு பிஸ்டன் எம்மாத்திரம்?

"விரலை நம்பி எஞ்சின் கட்டேலாது ரூபன். ஆதாரம் வேணும். நான் தேடித் தாறன்."

"ஓம் அத்தான்."

போனைத் திறந்தேன். அதன்பிறகு சில நாட்கள் நான் வன்னியில் இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் செம்மறி வளர்க்கிற ஒருவர் ஓர் அளவு போட்டிருந்தார். ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர் அதை மறுத்து, செம்மறிக்காரரின் பரம்பரையைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தார். ஒருவர் அங்குலத்தில் எழுதினார், ஒருவர் மில்லிமீற்றரில் எழுதினார், மற்றவர்கள் கோபத்தில் எழுதினார்கள். கடைசியில், கடலடியில் முத்தைக் கண்டவன்போல, லொறி செய்த கம்பனியின் பழைய கைநூலைக் கண்டேன். அதிலிருந்த இலக்கமும் எங்கள் லொறியில் அறைந்திருந்த கம்பனித் தகட்டின் இலக்கமும் ஒன்று. என் கண் கலங்கியது. (கவிதைக்குக்கூட இவ்வளவு கலங்கியதில்லை.)

லேத் கடையில் தேவராசா அண்ணை நான் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்தார். வெள்ளியாய் மினுங்கிய புதுப் பிஸ்டனைப் பார்த்தார்.

"கொஞ்சம் இறுக்கம் போலக் கிடக்கு. நீர் என்ன சொல்லுறீர் ரூபன்?"

"கம்பனியே சொல்லுது அண்ணை" என்றேன் நான்.

ரூபன் பிஸ்டனைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து, திரும்ப வைத்தான். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

"அத்தான் படிச்சுப் பாத்துத்தான் சொல்லுறார்" என்றான்.

எஞ்சின் பூட்டி முடிந்த காலை, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம். முதல் திருப்பிலேயே எஞ்சின் உயிர்த்தது. புகை இல்லை. மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. நான் முன் சீற்றில் ஏறி, ஊர்வலம் போகிற அமைச்சர்போலக் கையசைத்தேன். இரண்டு பக்கமும் விளைந்த வயல், பொன்னிறத்தில் ஒரே அசைவு, காற்றில் நெல் வாசம்.

"கேட்டியே, எஞ்சின் தியானம் செய்யிற மாதிரி இருக்கு."

"ஓம் அத்தான்."

தியானம் ஆழ்ந்துகொண்டே போனது. லொறி ஏற்றத்தில் போவதுபோல இழுக்கத் தொடங்கியது. (வன்னியில் ஏது ஏற்றம்?) பிறகு பெரிய முனகல் ஒன்று. சில்லுகள் தாரில் தேய, லொறி நடு வீதியில் கல்லாகியது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்த மில் முதலாளி காலை ஊன்றி நின்றார்.

"என்ன ரூபன், நெல்லு ஏத்த முதலே களைச்சுப் போச்சோ?"

அவர் போனபிறகு ரூபன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"அத்தான், கோவியாதேங்கோ. இது இந்த லொறியின்ரை எஞ்சின் இல்லை."

"என்ன?"

"சண்டை நேரம், சாமான் வராத தடைக்காலத்திலை அப்பா பழைய பஸ் ஒண்டின்ரை எஞ்சினை இறக்கிப் போட்டவர். தகடு மட்டும்தான் லொறியின்ரை. உங்கடை புத்தகம் இரும்புப் பிஸ்டனுக்குச் சொல்லுது. இது அலுமினியம். ஸ்டார்ட்டிலை நல்லா ஓடும், சூடானால் கூடப் பெருத்து இறுகும், அதுக்குக் கூட இடம் விடவேணும்."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"சின்னனிலையிருந்து."

"பிறகேன்டாப்பா சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு பாடுபட்டுத் தேடினனீங்கள். மாப்பிள்ளைக்கு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

உலகத்தின் மிகச் சரியான அளவை நான் கண்டுபிடித்திருந்தேன். அந்த எஞ்சின்தான் எங்களிடம் இல்லை. தடைக்காலத்தைத் தாண்டிய வன்னி வாகனம் எதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை இல்லை என்பது இங்கே சைக்கிள் ஓடுகிறவனுக்கும் தெரியும். நான் மட்டும் தகட்டை வாசித்தேன்.

உழவு மெசினால் கட்டி இழுத்து வீட்டு வாசலுக்கு வந்தோம். கலா படலையில் நின்றாள். லொறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தம்பியைப் பிடித்து ஏசினாள். பிறகு வீட்டாருக்குப் பொதுவாக ஒரு சட்டம் போட்டாள்:

"இனி இவர் என்ன சொன்னாலும் எல்லாரும் மறுத்துக் கதையுங்கோ. வெக்கப்படாதேங்கோ."

வெட்டின் முதற்பகுதி வேறொரு லொறிக்குப் போனது. தேவராசா அண்ணை இன்னொரு முறை கடைந்து, பஸ்ஸுக்கு உரிய இடைவெளியை விட்டுக் கொடுத்தார். மிச்ச நெல்லை ரூபன் ஏற்றினான். சொன்ன நேரத்துக்குப் போய் நின்றதால் அடுத்த போகமும் அவனுக்கே என்றார் முதலாளி.

கலாவின் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாமி என் சேட்டு நிறத்தை மறுக்கிறா. நான் எதையாவது அடித்துச் சொன்னால், "சூடாகட்டும், பாப்பம்" என்கிறார்கள். போன மாதம் கிளிநொச்சியில் என் புத்தக வெளியீடு. என் குரலிலேயே மயங்கி முதல் பக்கத்தை வாசித்தேன். சபை அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் ரூபனின் பக்கம் சரிந்து, "உங்கடை அத்தான் நல்லா வாசிக்கிறார், என்ன?" என்றார்.

ரூபன் கதிரையில் சாய்ந்துகொண்டு, மேடைக்கே கேட்கிறமாதிரிச் சொன்னான்.

"இப்பதானே ஸ்டார்ட் பண்ணினவர். சூடாகட்டும்."